டர்பன்ல ஒரு மறியல், ரெண்டு சாமந்தி மாலை

நேத்து சாயந்திரம் டர்பன்ல எங்க கப்பல் எங்கள விட்டுட்டுப் போயிருக்கணும்.

போகல. கப்பல் ரூம்ல கால நீட்டி உக்காந்துகினுதான் இத டைப் பண்றேன். அதனால பயப்படாம படிங்க.

தெரியாதவங்களுக்கு: நான் வசந்தா. திருக்கோவிலூர்ல பொறந்து வடக்கனந்தல்ல வாக்கப்பட்டவ. எங்க வூட்டுக்காரருக்கு இந்த வருஷம் அறுபது முடிஞ்சிது. அறுபதாம் கல்யாணம் பண்ணலாம்மான்னு பொண்ணு கேட்டா. மாலை போடணும்னா நான் வரலன்னு சொல்லிட்டேன். சரி, ரெண்டு பேரும் ஊரையாவது சுத்திட்டு வாங்கன்னு, கேப்டவுன்ல ஏறி ஆப்பிரிக்கா கரையோரமாவே போற கப்பல்ல டிக்கெட் போட்டுட்டா.

மாலை மேல எனக்கு இன்னா கோவம்னு கேக்கறீங்களா? (கேக்கலனாலும் சொல்லுவேன்.)

எங்க கல்யாணம் நடந்தது, இடஒதுக்கீடு கேட்டு ரோடு ரோடா மறியல் நடந்த வாரம். திருக்கோவிலூர்ல தாலி கட்டி முடிச்சி வடக்கனந்தலுக்கு கார்ல கெளம்புனோம். எங்க பாத்தாலும் புளியமரத்த வெட்டி ரோட்டுல சாச்சிருந்தாங்க. ஒவ்வொரு மரத்துகிட்டயும் காருக்குள்ள எட்டிப் பாப்பாங்க. கழுத்துல மாலையப் பாத்ததும், "பொண்ணு மாப்ளப்பா, வழி வுடுங்க"ன்னு கிளைய இழுத்து ஓரமா போடுவாங்க.

அதனால இவரு மாலையக் கழட்டவே வுடல. ரெண்டு மணி நேரத்துல போற ஊருக்கு ஏழு மணி நேரம் ஆச்சி. வெயிலு, எறும்பு, நாரு வேற கழுத்த அறுக்குது. "கழட்டிக்கறேங்க"ன்னு அழுதேன். "இன்னும் ஒரு மரந்தான், பொறுத்துக்க"ன்னாரு. அந்த ஒரு மரம் பதினோரு மரம் ஆச்சி. அன்னிலேர்ந்து எனக்கும் மாலைக்கும் ஆவாது.

இப்ப டர்பனுக்கு வாங்க.

கப்பல்காரங்க ஏற்பாடு பண்ற பஸ்ஸுல ஊர் சுத்தப் போனா, லேட்டானாலும் காத்திருந்து ஏத்திக்குவாங்க. தனியா போனா நம்ம பொறுப்பு. நாலரைக்குள்ள உள்ள இருக்கணும், அஞ்சுக்கு கப்பல் கெளம்பிடும். எங்காளு தனியாதான் போவணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

எதுக்கு? கரும்பு பாக்கறதுக்கு!

ஊர்ல முப்பது வருஷமா கரும்பு போடற மனுசன், அத்தினி கடலத் தாண்டி வந்து கரும்பு பாக்கறாரு. இன்னாத்த சொல்ல.

டாக்சி டிரைவர் பேரு லோகன், எங்க வயசுதான். அவங்க முன்னோருங்க கரும்பு வெட்ட நம்ம பக்கத்துலேர்ந்து போனவங்களாம். அவருக்குத் தெரிஞ்ச தமிழு நாலே வார்த்தை: வணக்கம், தண்ணி, ரசம், முருகா. மத்ததெல்லாம் இங்கிலீஷ்தான்.

தோட்டக்காரர்கிட்ட கேட்டு ஒரு கரும்ப ஒடிச்சி கடிச்சிப் பாத்தாரு இவரு. "நம்முளுது மாதிரி சாறு இல்ல, கம்மிதான்"னு தீர்ப்பு சொல்லிட்டாரு. (சுகர் மாத்திரை கப்பல்ல, சுகர் இவரு வாயில.)

திரும்பற வழியில லோகன் அவரு வூட்டு சாமிக்கு ரெண்டு சாமந்தி மாலை வாங்கி முன்சீட்டுல வச்சாரு.

கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். ரோட்டுல மரக்கிளை, எரியற டயரு, நூறு பேரு கூட்டம். குழாய்ல பத்து நாளா தண்ணி வரலன்னு மறியல். பொம்பளைங்க எல்லாம் காலி பக்கெட்ட கவுத்து அது மேல உக்காந்திருந்தாங்க. எனக்கு அவங்க மேல கோவப்படக்கூட முடியல. தண்ணிக்கு நான் நிக்காத வரிசையா.

மணி மூணேகால். வேற வழியில சுத்துனா ரெண்டு மணி நேரம்னாரு லோகன். பாஸ்போர்ட்டு, மாத்திரை, துணிமணி எல்லாம் கப்பல்ல.

இவரு முன்சீட்டப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. திரும்ப முன்சீட்டப் பாத்தாரு.

நானே லோகன்கிட்ட, "சாமி மாலைய எங்களுக்குத் தர்றீங்களா"ன்னு கைய காட்டிக் கேட்டேன். அவரு, "முருகா"ன்னு சொல்லி தூக்கிக் கொடுத்தாரு. (நாலு வார்த்தையில சரியானது.)

"குனிங்க"ன்னேன். இவரு கழுத்துல போட்டேன். இவரு என் கழுத்துல போட்டாரு.

ரெண்டு பேரும் எறங்கி காருக்கு முன்னாடி நடந்தோம். ஒரு பெரியம்மா பக்கெட்டோட எழுந்து வந்து எங்கள மேலயும் கீழயும் பாத்து என்னமோ கேட்டாங்க.

"இப்பத்தான் கல்யாணமான்னு கேக்கறாங்க"ன்னாரு லோகன்.

எங்காளு கொஞ்சமும் யோசிக்கல. "கல்யாணம் ஆனப்பவே கெளம்பிட்டோம், வழியில மறியலு, லேட்டாயிடுச்சின்னு சொல்லுங்க" அப்டின்னாரு. அத நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்ல, லோகன் அவங்க பாஷையில சொல்ல, அந்தம்மா ஒரு நிமிஷம் முழிச்சிட்டு சிரிச்சாங்க பாருங்க. தலைய அண்ணாந்து ஒரு கொலவ போட்டாங்க. நம்ம தெக்கத்திப் பொம்பளைங்க போடற அதே கொலவ! அவ்ளோதான், எல்லாரும் சேந்து போட்டுகினே கிளைய இழுத்து ஓரமா தள்ளிட்டாங்க.

நான் காருக்குள்ள ஏறி அழுதுட்டேன். ஏன்னு தெரியல.

நாலு இருவதுக்கு கப்பல் வாசல். அப்பாடான்னு மூச்சு விட்டேன். செக்கிங்ல நின்ன பொண்ணு என் மாலையக் காட்டி, "மேடம், பூ செடி எதுவும் உள்ள கொண்டுபோகக் கூடாது, கழட்டி இந்த கூடையில போடுங்க"ன்னா.

நான் அப்படியே நின்னேன்.

"கழட்டேன் வசந்தா, இப்பதான் கழட்டச் சொல்றாங்கள்ள"ன்னாரு இவரு.

"இன்னும் ஒரு நிமிஷந்தான், பொறுத்துக்கங்க"ன்னு சொல்லி, போட்டோ எடுக்க செல்போன அந்தப் பொண்ணு கையில கொடுத்தேன்.

அறுபதாம் கல்யாண போட்டோ எங்கன்னு கேட்ட சொந்தக்காரங்களுக்கு: கீழ இருக்கறதுதான். ஓரத்துல குப்பைக்கூடை தெரியுது. க்ராப் பண்ண வேணாம்னு விட்டுட்டேன்.