பானெட்டில் எழுதிய மணி

ஜீப்பின் பச்சை பானெட்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது: ‘நாளை மாலை 4.’ அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தையும் மறக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் குன்றாண்டார்கோவில் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். பட்டாளத்தில் உழைத்துக் களைத்து, ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்றுதான் எங்களுக்கு வண்டி. ஒரு நாள் காலை கிளட்ச் வழுக்கி, மேடு ஏற மாட்டேன் என்றது. டிரைவர் எப்படியோ உருட்டிக்கொண்டு திருக்கோகர்ணத்தில் ஒரு பட்டறையில் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் நிறைந்திருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. முதல் பிள்ளையையும் அப்படித்தான் பறிகொடுத்தவள். முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னால், அறுப்பு நேரத்தில் எப்படி வருவது என்று மறுத்துவிட்டாள். வலி கண்டதும் ஆள் அனுப்பு, ஜீப்போடு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

“மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும் நர்சம்மா, சும்மா கிளட்ச் பிளேட் மாத்துற வேலைதான்” என்றார் டிரைவர். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனரை வைத்து அசைத்துப் பார்த்தார். அசையாததற்கெல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு. அரை மணி நேரம் இதுவே நடந்தது. பிறகு எழுந்து வந்து, கொஞ்சம் யோசித்து, பானெட்டில் அந்த நேரத்தை எழுதினார்.

“ஒரு பிளேட் மாத்த ரெண்டு நாளா? வேலை செய்ய மனசில்லைன்னா சொல்லிருங்க” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

“பிளேட் மாத்த ஒரு மணி நேரந்தாம்மா. அதுக்கிட்ட போகத்தான் இம்புட்டு நேரம். கியர்பாக்ஸை எறக்கணும், ஒம்பது போல்ட்டு துருவேறிக் கெடக்கு. மத்தியானம்னு நானும் சொல்லிருவேன். நீங்க அதை நம்பி இங்கிட்டே காத்துக்கிட்டு இருப்பீங்க. உள்ளதைச் சொன்னாத்தானே வேற வழி பாப்பீங்க?”

அடுத்த பஸ்ஸைப் பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். வண்டி இல்லை, கூப்பிட்டாலும் என்னால் வர முடியாது என்று சொன்னதும் அவள் பயந்துபோய்க் கிளம்பினாள். மாலை பஸ்ஸில் கூட்டிவந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் விடியும்போது வலி எடுத்தது. ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்று நாலு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். வேலை முடிய நாலரை ஆயிற்று. நடந்ததைச் சொல்லி, நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் பாதிதான் விழுந்திருக்கும். கிளட்சை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, “அரை மணி பிந்திருச்சும்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க” என்றார். பானெட்டில் இருந்த நாலைக் கட்டைவிரலால் அழித்து, நாலரை என்று திருத்திவிட்டுத்தான் வண்டியை ஒப்படைத்தார்.

இப்போது என் மகள் காரை சர்வீசுக்கு விட்டால், அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் “ஈவினிங் ரெடி மேடம்” என்கிறார்கள். எனக்கு அந்த மனிதர் நினைவுதான் வரும். இரண்டு உயிரைக் காப்பாற்றியது என் கெட்டிக்காரத்தனம் அல்ல, அவர் சொன்ன உண்மையான நேரம். அன்று டிரைவர் பானெட்டைத் துடைக்கத் துணியை எடுத்தார். மழை வந்து தானாக அழியட்டும், தொடாதீர்கள் என்றேன். அந்த வருஷம் மழை வர வெகு நாளாயிற்று. அதுவரை அந்த நாலரையோடுதான் ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கப் போய்வந்தேன்.