பிடி அரிசியின் சத்தம்

அத்தையை நினைத்தால் குரலுக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வருகிறது. பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பிடி அரிசி விழுகிற சத்தம். டின் காலியாக இருக்கிற திங்கட்கிழமைகளில், தகரக் கூரைமேல் தூறல் பிடித்ததுபோலச் சடசடவென்று கேட்கும். சனிக்கிழமைக்குள் டின் நிரம்பி, அரிசி அரிசிமேலேயே விழும்போது, காதருகே யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு ‘சர்’ மட்டும். தாராசுரத்தில் என் தையல் மிஷினின் பலகைமேல் ஃபோனைச் சாய்த்துவைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் தினமும் அதைக் கேட்பேன். ஆறேழு பிடி கேட்டால் எங்கள் குடும்பம் முழுக்க ஒரு சுற்று வந்தாயிற்று என்று அர்த்தம்.

அத்தை என் அப்பாவின் அக்கா. சீர்காழிக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்து ஊர். பிள்ளை இல்லை. மாமா போன பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். மற்ற எல்லோரும் ஆளுக்கொரு திசையில் இருந்தோம். பெரியப்பா பேராவூரணியில் தென்னந்தோப்போடு, சித்தப்பா கோயமுத்தூரில், சித்தப்பாவின் மகன் தன் மனைவி, கைக்குழந்தையோடு சென்னையில், என் தம்பி மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். அப்பாவும் அம்மாவும் இல்லாத எனக்கும் தம்பிக்கும் பிறந்த வீடு என்று இருந்தது அத்தையின் சமையலறைதான்.

எங்கள் லுத்தரன் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோறு வடிக்கும் முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். மற்ற வீடுகளில் உலைக்கு ஒரு பிடி. அத்தை மட்டும் வெளியூரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி போடுவாள், பெரியவரில் தொடங்கி வயது வரிசைப்படி. வாட்ஸ்அப் வந்த பிறகு அந்த நேரத்தையே, குடும்ப குரூப்புக்குக் குரலைப் பதிந்து அனுப்பும் செய்தி நேரமாக்கிக்கொண்டாள். இடது கையில் ஃபோன், வலது கையில் அரிசி.

“ஸ்தோத்திரம் புள்ளைங்களா. வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு, கலங்கலாத்தான் வருது. மேலத்தெரு பூனை நம்ம பரண்ல குட்டி போட்டிருக்கு, நாலுல ஒண்ணு போதகர் ஐயா மாதிரியே முழிக்குது. இது பேராவூரணி அண்ணனுக்கு. அண்ணனுக்கு முட்டிவலி தேவலையாம், ஆனா மரத்தடிக்குப் போறத நிறுத்த மாட்டேங்குது.” அப்புறம் ஒரு ‘சட’. “இது கோயமுத்தூர் தம்பிக்கு. புதுக் கண்ணாடி மாட்டியிருக்கானாம், ஃபோட்டோல வாத்தியார் கணக்கா இருக்கான்.” ஒரு ‘சட’. இப்படியே போய், “இது மஸ்கட்டுக்காரனுக்கு. பல்லு புடுங்கியாச்சாம். இனிமே ஊருக்கு வந்தா முறுக்கு கேக்க மாட்டான்” என்று என் தம்பிக்கு வந்து, சென்னைக் குழந்தையோடு முடியும். பிறகு டின் மூடி அழுந்துகிற ஓசை. ஒருவர் செய்தி மற்றவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. “செய்தியச் சூட்டோட சொல்லிப்புடணும்டி. ஆறிப்போனா அது கதை” என்பாள்.

முதலில் அதைக் கவனித்தது சென்னைக்காரன்தான். அவனுக்கு எதையும் கேலி செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காது. “அத்தை, இன்னிக்குப் பேராவூரணிப் பெரியப்பாவுக்குப் பட்டினியா? பேரச் சொன்னீங்க, அரிசியப் போடலயே” என்று குரூப்பில் போட்டான். நானும் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். பெயர் இருந்தது, முட்டிவலிச் செய்தி இருந்தது. அரிசி விழவில்லை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு “இது கோயமுத்தூர் தம்பிக்கு” என்று அத்தை அடுத்ததற்குப் போய்விட்டாள். “போட்டனேடா. என் கையால போட்டேன்” என்று பதில் சொன்னாள். விரல் நழுவியிருக்கும், பதிவு அறுந்திருக்கும் என்று அவனே சமாதானமும் சொன்னான். அந்த வாரமே பெரியப்பா தோப்பில் மட்டை பொறுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்போது யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வயதானவர், போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு எல்லோரும் வந்தோம். மறுநாள் அத்தை, “அண்ணன் கர்த்தர்கிட்ட போயிட்டு, இனிமே அதுக்கு நம்ம அரிசி வேணாம்” என்று சொல்லிவிட்டு சித்தப்பாவிலிருந்து தொடங்கினாள்.

சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை கட்டியிருந்த சமயம், ஒரு காலை சித்தப்பாவின் பிடி விழவில்லை. இந்த முறை குரூப்பில் யாரும் எழுதவில்லை. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்டதோ என்று நான் மறுபடி மறுபடி ஓடவிட்டேன். பரணில் பூனை கத்துவது கேட்டது, அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. பதிவு எங்கும் அறுந்திருக்கவில்லை. சித்தப்பா மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போனார். சென்னைக்காரன் தகப்பனை அடக்கம் செய்துவிட்டு என்னிடம் தனியாக வந்து, “அக்கா, நீயும் கேட்டியா?” என்றான். கேட்டேன் என்றேன். அதற்கப்புறம் அவன் குரூப்பில் ஒரு கேலியும் எழுதவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு நாங்கள் செய்தி கேட்ட விதமே மாறிப்போயிற்று. பூனைக்குட்டியும் வாய்க்கால் தண்ணீரும் யார் காதிலும் ஏறவில்லை. அவரவர் பெயர் வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். சத்தம் விழுந்ததும் ஃபோனை மூடிவிடுவோம். நான் என் பிடியைக் கேட்ட பிறகு தம்பியின் பிடிக்காகக் காத்திருப்பேன், அதோடு சரி. அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கும்பிடு கை எமோஜி போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம்.

அடுத்த வருஷம், குறுவை அறுவடை ஆரம்பித்திருந்தபோது, தம்பி காலையிலேயே கூப்பிட்டான். ஒரு ரவிக்கைக்கு அவசரம் என்று அன்று நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

“அக்கா, எனக்கு விழல.”

“சரியாக் கேளுடா.”

“எத்தனை தடவ கேக்கறது? லாரிக்குக் கீழ ஒக்காந்து கேட்டுட்டேன், ரூம்ல போர்வைக்குள்ள கேட்டுட்டேன். இல்லக்கா.”

அவன் ஓட்டுவது தண்ணீர் லாரி. மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு ஏற்றிக்கொண்டு போகவேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். “நான் வண்டிய எடுக்கல. உடம்பு சரியில்லன்னுட்டேன். நாளைக்கும் எடுக்கலன்னா ஊருக்கு அனுப்பிருவான். அத்தைய மறுபடி போடச் சொல்லுக்கா” என்றான். முப்பது வயதுக்காரனின் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரலாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ் பிடித்து, மாயவரத்தில் மாறி, அத்தை உலை வைப்பதற்குள் போய் இறங்கினேன். “சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே. நல்லவேள, அரிசி இன்னும் களையல. ஒனக்கும் சேத்து வடிச்சுடலாம்” என்று முறத்தை எடுத்து உட்கார்ந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் நேராக முறத்தில் விழுந்தது. வயலில் அறுவடை இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அத்தை ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு செய்தி சொல்ல ஆரம்பித்தாள்.

“இது தாராசுரத்துக்காரிக்கு. பக்கத்துலயே வந்து குந்தியிருக்கா.” எனக்குப் போட்டாள். சடசடவென்று கேட்டது. “இது மஸ்கட்டுக்காரனுக்கு.”

கை விரிந்தது. அரிசி வெள்ளையாக, விரலிடுக்கெல்லாம் வழிந்து, டின்னின் வாய்க்குள் இறங்கியதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. இயந்திரம் இரைவது கேட்டது. கொல்லையில் கோழி கிளறுவது கேட்டது. அத்தை எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. டின்னுக்குள் மட்டும், பஞ்சை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்ததுபோல, ஒன்றுமே இல்லை. அது செவ்வாய்க்கிழமை. டின்னில் அடி மறைகிற அளவுக்குக்கூட அரிசி இல்லை.

அத்தை குரல் மாறாமல் சென்னைக்காரர்களுக்கும் குழந்தைக்கும் போட்டு முடித்தாள். அவையெல்லாம் கேட்டன. ஃபோனைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீயும் பாத்தியா?”

“பாத்தேன் அத்தை.”

“கேட்டுதா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“எனக்கு அண்ணனுக்குப் போட்டப்பவே தெரிஞ்சுது. காது போயிட்டு போலன்னு டாக்டர்ட்ட போனேன். அவரு காதெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. அப்புறம் கோயமுத்தூர் தம்பி. இத யார்ட்ட போயிச் சொல்றது? சொன்னா கெழவிக்குப் பித்துன்னுவீங்க. போடாம நிறுத்திடலாம்னு பாத்தா, அதுக்கு என் கை வரல. நான் நிறுத்தினா நீங்கள்லாம் என்ன ஆவீங்களோன்னு ஒரு பயம்.” இத்தனை நாளும் நாங்கள் அவளுக்குத் தெரியாமல் பயந்துகொண்டிருந்தோம், அவள் எங்களுக்குத் தெரியாமல் பயந்துகொண்டிருந்தாள்.

முறத்தை என் பக்கம் தள்ளினாள். “நீ போடு. அவன் ஒன் கூடப் பொறந்தவன். என் கைதான் சரியில்லயோ என்னமோ.”

ஒரு பிடி எடுத்தேன். கைக்குள் அரிசி சில்லென்று இருந்தது. என் தம்பிக்கு என்று சொல்லிக் கையைத் திறந்தேன். சடசடவென்று, டின் அதிர, கேட்டது. கல்மழை பெய்ததுபோல அத்தனை சத்தம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “விழுந்துட்டு, விழுந்துட்டு” என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இன்னொரு பிடி போட்டு, அதைப் பதிந்து தம்பிக்கு அனுப்பினேன். அன்று மதியமே அவன் வண்டியை எடுத்தான்.

“ஒங்களுக்கு ஒரு பிடி போடறேன் அத்தை” என்றேன்.

“ஊட்ல இருக்கவளுக்கு எதுக்குடி? செய்தி வெளியூர்க்காரங்களுக்குத்தான்.” சொல்லிக்கொண்டே டின்னை மூடிவிட்டாள். மூடினால் மூடியதுதான், அடுத்த உலைக்குத்தான் திறப்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, நாளைக்கு நானே போட்டுக்கறேன், போதுமா?” என்றாள். மத்தியானம் அவள் கையால் கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் செய்தி வந்தது. என் பிடி விழுந்தது, தம்பியின் பிடி விழுந்தது. அப்பாடா என்று ஃபோனை மூடினேன். சென்னையில் அவர்கள் குழந்தையின் பிடி வரைக்கும் கேட்டார்கள், மூடினார்கள். அதற்கும் அடுத்த நாள் செய்தி வரவில்லை. நாங்கள் மூன்று ஊர்களில் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிய பிறகு போதகர் ஐயாதான் கூப்பிட்டார். பால் ஊற்றுகிற பெண் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். அத்தை சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். மடியில் முறம், முறத்தில் அளந்த அரிசி. அடுப்பு பற்றவைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, அவள் குரலையாவது கேட்போம் என்று அந்தக் கடைசிச் செய்தியை ஓடவிட்டேன். யாரும் முடிவுவரை கேட்டிராத செய்தி. குழந்தையின் பிடி விழுந்த பிறகு மூடிச் சத்தம் வரவில்லை. அத்தை பேசினாள்: “அப்புறம், இது எனக்கு. தாராசுரத்துக்காரி சொன்னா, தட்ட முடியல.”

பிறகு ஒன்றும் இல்லை. வாய்க்கால் பக்கம் ஏதோ ஒரு பறவை. ஒரு பிடி அரிசி விழுகிற நேரம், அதற்கு மேலும் கொஞ்சம். அப்புறம் அத்தை “ம்” என்றாள். யாராவது வந்து கூப்பிட்டால், இதோ வருகிறேன் என்பதற்குச் சொல்வாளே, அந்த “ம்”. டின் மூடி அழுந்தியது. அவளுக்கு ஒரு நாள் முழுதாக இருந்திருக்கிறது. எங்களில் ஒருவர் கடைசிவரை கேட்டிருந்தால் பஸ் ஏறிப் போயிருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவள் பெயரைச் சொல்லி இன்னொரு கை ஒரு பிடி போட்டிருக்கலாம்.

டின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பிடியை நான் போடுகிறேன், செய்தியும் நான் சொல்கிறேன். அத்தை அளவுக்குச் சுவையாக வராது; யார் ரவிக்கைக்கு எத்தனை கொக்கி என்பதுதான் என் ஊர்ச் செய்தி. குழந்தைக்குப் போட்ட பிறகு கடைசியாக எனக்கும் ஒன்று போட்டுக்கொள்கிறேன். போடாவிட்டால் தம்பி விடமாட்டான். அந்தப் பிடி விழுவது என் காதுக்குக் கேட்பதில்லை. முதல் நாளிலிருந்தே கேட்டதில்லை. அத்தைக்கும் அப்படித்தானா, தன் கையால் தனக்குப் போட்டுக்கொள்வது யாருக்குமே கேட்காதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. செய்தியை அனுப்பிவிட்டு, உலை கொதிக்கக் கொதிக்க, அடுப்புப் பக்கத்தில் நிற்பேன். மஸ்கட்டில் அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டு, “விழுந்துச்சுக்கா” என்று எழுதுகிற வரைக்கும் நான் அரிசியை உலையில் போடுவதில்லை.