ஆறடி ஆறங்குலத்துக்கு ஒரு செட்

சுகுணா கத்திரிக்காய் வாங்க வந்தால் கடைக்காரருக்கு மற்ற வியாபாரம் ஓடாது. ஒவ்வொன்றையும் காம்பைத் தூக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பாதியைத் திரும்பக் கூடையில் போட்டுவிடுவாள். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு இரும்புப் பின் மாதிரியான பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினொரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. கடைசிச் சோதனை. அவள் மேசையைத் தாண்டித்தான் எந்தப் பொருளும் பெட்டிக்குள் போகும். அளவு பிசகியிருந்தால் மஞ்சள் பொட்டு, விரிசல் இருந்தால் சிவப்புப் பொட்டு. மஞ்சளைத் திருத்திக்கொள்ளலாம். சிவப்பு நேராக வெட்டுக்குப் போய், துண்டு துண்டான பிறகுதான் பழைய இரும்பாகக் கேட்டைத் தாண்டும். "சாமியே பின்னு செஞ்சு குடுத்தாலும் அந்த அக்கா சிவப்பு வெக்கும்" என்று கம்பெனி ஆட்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அவள் பார்த்து அனுப்பிய பொருள் ஒன்றுகூட இன்றுவரை திரும்பி வந்ததில்லை.

வீட்டிலும் அதே கண்தான். புருஷன் சென்னப்பன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால்கூட என்ன விஷயம் என்று யோசிப்பாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. எட்டு மணி நேரம் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்துவிட்டு, ஒன்பதாவது மணியிலிருந்து எல்லாரையும் நம்பு என்றால் யாரால் முடியும்?

சென்னப்பனுக்குச் சொந்த ஊர் நாட்றாம்பாளையம். உயரம் ஆறடி ஆறங்குலம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடியாக இருந்தார். ஆட வருகிற முதலாளிமாரின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடக்கிற வேலை. பதினாறு வருஷம் சுமந்ததில் முதுகு கெட்டுவிட்டது. கல்யாணத்தன்று சுகுணா பார்த்தபோதே அவர் குனிந்துதான் இருந்தார். நிலைப்படிக்குக் குனிவார், பஸ்ஸில் குனிவார், குள்ளமான பெண்டாட்டியிடம் பேசக் குனிவார். இப்போது சாயங்காலமானால் அந்த அளவுக்கு நிமிரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. சுமை தூக்குவதை விடாவிட்டால் படுத்த படுக்கைதான் என்று கிருஷ்ணகிரி டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

விடுவதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. திங்கட்கிழமை முதலாளிமார் வருவதில்லை. அன்றைக்கு மைதானம் கேடிகளுடையது. அந்த மாசக் கடைசித் திங்களில் கேடிகளுக்குள் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்கு, புதிதாக ஆட வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. பை தூக்க வேண்டாம். சென்னப்பனுக்கு ஆட்டம் நன்றாகவே வரும், ஏற்ற மட்டைதான் கிடைக்கவில்லை. கடையில் விற்பதெல்லாம் சராசரி ஆளுக்கு அளந்து செய்தது. அதைப் பிடித்தால் அவர் வாசல் பெருக்குகிறவர் மாதிரி மடங்கி நிற்க வேண்டும். பாதி ஆட்டத்துக்குள் முதுகு இறுகிக்கொள்ளும். உயரத்துக்குத் தகுந்தபடி செய்து தருகிற செட்டுக்குப் பெங்களூரில் சொன்ன விலை சுகுணாவின் ஏழு மாதச் சம்பளம்.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். உள்ளே எட்டு மட்டை.

"ஏதுங்க இது?"

"குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில வாங்கினேன். பழைய இரும்புக்காரன்கிட்ட. மூவாயிரத்து ஐநூறு."

"எட்டும் சேத்தா?"

"எட்டும் சேத்துதான். எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது பாரேன்."

அந்த வார்த்தைதான் அவளைக் குடைந்தது. பெங்களூர் முழுக்கத் தேடியும் கட்டுப்படியாகாத நீள மட்டை மாட்டுச் சந்தைக்கு எப்படி வந்தது? இவருக்குச் சமமான உயரத்தில் இந்தப் பக்கம் எவன் இருக்கிறான், எதற்காக இந்த விலைக்குத் தள்ளிவிட்டான்? போன வருஷம் ஒரு முதலாளியின் மட்டை காணாமல் போனதென்று ஒரு கேடியை விசாரிக்காமலே வெளியே தள்ளினார்கள். இது திருட்டுச் சாமானாக இருந்தால் புது வேலை கிடக்கட்டும், இருக்கிற வேலையும் போய்விடும். போதாக்குறைக்கு, விலையைச் சொல்லும்போது மனுஷன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு டேப்பை எடுத்தாள். கடை மட்டைகளின் அளவைச் செல்போனில் தேடி எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எட்டும் சரியாக இரண்டங்குலம் கூடுதல். ஒன்றின் பிடி ரப்பரை அழுத்தித் தடவியபோது, மேலிருந்து இரண்டங்குலத்தில் நூலளவு மேடு தட்டுப்பட்டது. பிளேடால் கீறி ரப்பரை உரித்தாள். குழாய்க்குள் ஒரு இரும்புப் பின்னைச் செருகிப் பசை போட்டு நீளத்தைக் கூட்டியிருந்தார்கள். பின்னின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு.

அவள் கம்பெனிப் பின். அவள் வைத்த பொட்டு.

சிவப்புப் பொட்டு வைத்த இரும்புப் பின் வெட்டுப்படாமல் முழுசாக வெளியே வந்திருக்கிறதென்றால் யாரோ திருடியிருக்கிறார்கள். மாட்டினால் முதலில் கேட்கப் போவது அவளைத்தான். என் கம்பெனியில் யாரைக் கையில் போட்டுக்கொண்டு இந்த ஆள் இதைச் செய்தார்? பதினான்கு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவரைத் திருடனாகவே நினைத்துக்கொண்டு அன்று சோறு வடித்தாள். அப்படி நினைப்பது அவளுக்கே வலித்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் உரித்த மட்டையை முன்னால் போட்டாள்.

"இன்னொரு தரம் சந்தைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

சென்னப்பன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "சந்தையில வாங்குனதுதான். ஆனா குட்டை மட்டை. பாலாஜிதான் நீட்டிக் குடுத்தான்."

பாலாஜி அவள் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன்.

"வெட்டுக்குப் போற மாலுதான், எட்டு எடுத்தா யாருக்கு நட்டம்னு சொன்னான்."

"என்கிட்ட என்னாத்துக்கு மறைச்சீங்க?"

"நீ ரிஜெக்ட் பண்ணிடுவேன்னுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "சிவப்புன்னா என்னான்னு அவன் சொன்னானா? விரிசலுங்க. கண்ணுக்குத் தெரியாது. நீங்க வேகமா வீசறப்ப முறிஞ்சு கையில குத்தும், இல்லாட்டி பறந்து போயி எவன் மண்டையையாவது பொளக்கும்." மட்டையைத் தூரத் தள்ளிவிட்டாள். "திருட்டுக்காகப் பயந்துக்கினு கெடந்தேன் நானு. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்ன பண்ணுவேன்?"

அடுத்த நாள் சூப்பர்வைசர் பெருமாளிடம் அவளே போய் நடந்ததைச் சொன்னாள். பாலாஜிக்கு எழுத்தில் எச்சரிக்கை, அவளுக்கு அரை மணி நேரத் திட்டு. எட்டுப் பின்னையும் சூடு காட்டிக் கழற்றவைத்து, தன் கண் முன்னால் வெட்டவைத்தாள். பிறகு கடையில் புதுக் கம்பி வாங்கிக்கொண்டு, ஜூஜூவாடியில் பாலாஜியின் அண்ணன் வைத்திருக்கிற லேத் பட்டறைக்குப் போனாள். பாலாஜி முறைத்துக்கொண்டேதான் கடைந்தான். எட்டில் மூன்றை அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தாள்.

"இங்கயுமா அக்கா?"

"எங்கயா இருந்தா என்னாப்பா? அளவு அளவுதான்."

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். போட்டியில் சென்னப்பன் இரண்டாவதாக வந்தார், வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை சுகுணாவுக்கு அது தெரிவதற்கு முன்பே வேறொன்று நடந்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சர்வீஸ் ரோட்டில் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். மட்டையில் எது கழன்றுவிடுமோ என்றே மனசு அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒருவன் பந்தின் முன்னால் வந்து நின்றான். நெட்டையான ஆள், நேரான முதுகு, விரிந்த தோள். பக்கத்தில் கிடந்தது சென்னப்பனின் பை. அவளுக்குப் பக்கென்றது. வெளியாளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்களா? இவர் முதுகு பிடித்துக்கொண்டு எங்கே விழுந்து கிடக்கிறார்?

வேலியோரம் பந்து தேடிக்கொண்டிருந்த கேடி சிவராஜைக் கூப்பிட்டாள். "ஏம்பா, எங்க வீட்டுக்காரர் மட்டைய எடுத்து எவனோ ஆடிக்கினு இருக்கான். அவரு எங்க?"

சிவராஜ் திரும்பிப் பார்த்தான். அவளையும் ஒருமுறை பார்த்தான். "சரியாகி நோடக்கா, நல்லாப் பாரு. அண்ணன்தான் அது."

மட்டை சுழன்றது, பந்து போனது. அடித்து முடித்த பிறகும் அவர் நிமிர்ந்தே நின்று, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகுணா வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை உயரத்தையும் மடக்கி வைத்துக்கொண்டா இந்த மனுஷன் பதினான்கு வருஷம் என் வீட்டில் குடியிருந்தார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.