ரீஸ்டார்ட் செய்ய விடாத கிளாக்கரம்மா

அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே தினமும் வந்து சேரும் கொழுந்தின் நிறை ஒரு லினக்ஸ் சர்வரில்தான் பதிவாகும். அதைப் பராமரிப்பவன் நான். ஒருநாள் காலை சர்வர் நின்றுவிட்டது என்று அழைத்தார்கள். நான் போனபோது, நிறுக்க முடியாத கொழுந்துச் சாக்குகளோடு லொறி மழையில் நின்றது.

ஆபீசில் கணக்கு எழுதும் கிளாக்கரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். திரையில் என்ன பிழைச்செய்தி வந்தாலும் முதலில் அதை எழுத்துக்கு எழுத்து கொப்பியில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம்.

"இந்த லினக்ஸ் பழசாயிருச்சுக்கா, வேற போடணும். இப்போதைக்கு ரீஸ்டார்ட் பண்ணுறேன்" என்றேன்.

"பண்ணாதீங்க தம்பி. பண்ணினா அது ஓடிரும். ஆனா ஏன் நின்னுச்சுன்னு தெரியாமப் போயிரும்."

எரிச்சலோடு, அவர் எழுதிவைத்திருந்த வரியைப் பிடித்துக்கொண்டு தேடினேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருந்தது. நிரப்பியது, போன மாதம் நான் எழுதிவைத்த பேக்கப் நிரல். அதில் பழைய பிரதிகளை அழிக்கும் கட்டளையைச் சேர்க்க மறந்திருக்கிறேன். திரை முழுக்க என் பெயரிலேயே கோப்புகள். அவரும் பார்த்தார். அவற்றை அழித்ததும் சர்வர் ஓடியது.

தொழிற்சாலை மேனேஜரான தொரை உள்ளே வந்து, "என்ன கோளாறு?" என்று கேட்டார்.

"டிஸ்க் நெறஞ்சிருச்சுங்க. தம்பி சரி பண்ணிட்டாரு" என்றார் கிளாக்கரம்மா.

காரணத்தை அவ்வளவு பிடிவாதமாகத் தேடியவர், அதை ஏன் பாதியோடு நிறுத்தினார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மீதியைச் சொல்ல வேண்டியவன் நான்தான். தொரை கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, சொல்லாமலே பஸ் ஏறினேன்.