தறிச் சத்தத்தில் கேட்ட பதில்

குணமாகாத நோய்க்காரர்களின் வீட்டுக்கே போய் வலியைத் தணிக்கிற நர்ஸ் வேலையில், மருந்து கொடுப்பது சுலபம், கேள்வி கேட்பதுதான் கஷ்டம். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

அண்ணன் சொன்ன பதில்

பட்டு நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனதும் டாக்டரும் நானும் தறிகளை நிறுத்தச் சொல்வோம். அவ்வளவு சத்தம். ஏகாம்பரம் பிறவியிலேயே காது கேளாதவர். வயிற்றில் புற்று முற்றியிருந்தது. ஆபரேஷனால் பயனில்லை என்று டாக்டர் சொல்லியும், சென்னைக்குக் கொண்டுபோயே தீருவேன் என்று அண்ணன் குமரேசன் நின்றார்.

தறி நின்றதும் டாக்டர் குமரேசனிடம் கேட்பார், குமரேசன் பதில் சொல்வார். ஏகாம்பரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவருக்கு எங்கே வலிக்கிறது என்று நான் கேட்டாலும் அண்ணன்தான் முந்துவார்.

"அவனுக்கு இன்னா தெரியும் சிஸ்டர்? எதுவா இருந்தாலும் என்னாண்ட கேளுங்க."

சிரிக்கிற மூஞ்சி

வலியின் அளவைக் காட்ட ஓர் அட்டை வைத்திருந்தேன். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். அதை நீட்டும்போதெல்லாம் ஏகாம்பரம் சிரிக்கிற முகத்தையே தொட்டார். வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். காபி கொண்டுவந்த அண்ணி மல்லிகா சிரித்துவிட்டார்.

"இருக்கறதுல அதான் பாக்க லட்சணமா இருக்குதுன்னு காட்டறாரு. எதுக்குக் கேக்கறீங்கன்னு அவருக்கு யாரும்மா சொன்னாங்க?"

நிற்காத தறி

ஒருநாள் நான் மட்டும் போயிருந்தேன். கல்யாணப் புடவை அவசரம். குமரேசன் தறியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் முகம் பார்த்து, வாயசைத்து, கையால்தான் பேசினார்கள். சுவரைப் பார்த்துக் கிடந்த ஏகாம்பரம் திரும்பி உட்கார்ந்து, எல்லோரையும்விட அதிகம் பேசினார்! சாயத்திலிருந்து எடுத்த பட்டு நூலை முறுக்கிப் பிழிவதுபோலக் கையால் காட்டி, வயிற்றைத் தொட்டார். அவருடைய வலி எனக்கு அன்றுதான் புரிந்தது. எனக்கு அவர் வைத்திருந்த பெயரும் தெரிந்தது: மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிடும் சைகை. இன்றைக்கும் கண்ணாடியைத் தள்ளும்போது அவர் ஞாபகம் வருகிறது.

வாசலுக்கு வந்ததும், இத்தனை நாள் அவர் ஏன் பேசவில்லை என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"நீங்க வந்தா தறிய நிறுத்திடறோம். அப்புறம் நாங்கெல்லாம் தலையக் குனிஞ்சிக்கினு வாயாலயே பேசிக்கினு இருக்கறோம். அவரு எங்கம்மா பேசறது?"

சென்னைக்கு யார்?

அடுத்த முறை டாக்டர் வந்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது; நிறுத்த வேண்டாம் என்றேன். டாக்டர் ஏகாம்பரத்துக்கு எதிரே உட்கார்ந்தார். ஏகாம்பரம் வயிற்றில் விரலால் கோடு இழுத்து, இரண்டு விரலை நடக்கவிட்டு, ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பேனா என்று கேட்டார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தபடியே மெல்லத் தலையசைத்தார்: இல்லை. அவரிடமே அதைச் சொன்னது அன்றுதான்.

ஏகாம்பரம் அண்ணன் பக்கம் திரும்பிக் கையால் ஏதோ காட்டினார். குமரேசனின் கால் தறி மிதியிலேயே நின்றுவிட்டது. அழுகையும் சிரிப்புமாக எங்களிடம் சொன்னார்.

"'மெட்ராஸுக்கு நீ வேணா போயி சுத்திப் பாத்துக்கினு வா, நான் இங்கியேதான் இருப்பேன்'ன்றான் சிஸ்டர்."

அவர் விருப்பப்படியே, வலி அடங்கி, அந்த வீட்டிலேயே அவர் காலம் முடிந்தது; ஆனால் நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிற எங்கள் பழக்கத்துக்கு மட்டும் ஆயுசு ரொம்பக் கெட்டி.