மின்சாரம் போனபோது சரன்

கினி நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, எல்லா மாவட்டத்திலும் அரசாங்கமே ஒரு நடன இசைக்குழுவை அமைத்து வாத்தியங்களும் வாங்கித் தந்தது. கிஸிதுகு ஊர்க் குழுவில் நான் டிரம்பெட் வாசித்தேன். பேஸ் கிடார்காரன் வேலை மாற்றலாகிப் போனதும், மருத்துவமனை நர்ஸ் சரன் மகசூபா ஒத்திகைக்கு வந்து நின்றாள்.

"பேஸ் நான் வாசிக்கிறேன்."

எங்கள் தலைவர் ஃபோதே சிரித்துவிட்டார். "ஏம்மா, தோள்ல மாட்டினா அது உன்னையே கீழ சாய்ச்சிடும்."

"முதல்ல மாட்டி விடுங்கண்ணே. சாய்ஞ்சா அப்புறம் சிரிங்க."

ஒரு வருடமாக எங்கள் ஒத்திகை அறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டே எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். விரல்கள் பழகத்தான் மூன்று மாதம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு தலைநகர் கொனாக்ரியில் தேசியப் போட்டி. பிற்பகலில் எங்கள் முறை வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போய், கிடார்கள் ஊமையாயின. டிரம்ஸ்காரன் லான்சினே குச்சியை இறக்கினான்.

"யாருடா உன்னை நிறுத்தச் சொன்னது? அடி!" என்று கத்திய சரன், மேடை விளிம்புக்கு வந்து பேஸ் சுரங்களை வாயாலேயே பாடத் தொடங்கினாள். முன்வரிசை கைதட்டிச் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் அரங்கமே அதைப் பாடியது. நான் அதன்மேல் ஊதினேன். அவ்வளவு கனமான பேஸை எந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. திரும்பும் வழியில் லாரியில் ஃபோதே, "முதல் பரிசு போச்சே" என்று புலம்பினார்.

"அதுக்கென்னண்ணே, அடுத்த வருஷம் வாங்கிடலாம்" என்றாள் சரன்.

வாங்கினோம். பதினெட்டு வருடம் அந்தக் குழுவில் வேறு யாரும் பேஸைத் தொடவில்லை.