அண்ணனின் அம்பாசடரும் என் சின்ன வண்டியும்

வாகன உரிமையாளர் காலமானால் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், ஐம்பதாம் பிரிவு. அண்ணனின் காரியம் முடிந்த மறுநாளே இரண்டையும் செய்தேன். பதில் மட்டும் வரவில்லை.

அண்ணன் பிறந்தது ஏழாயிரம்பண்ணையில். அப்பா இறந்ததும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சிவகாசி அச்சகம் ஒன்றில் தாள் அடுக்கப் போனார். பிறகு பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சொந்த அச்சகம் வைத்தார். அந்த வருமானத்தில்தான் நான் பட்டம் பெற்று, சூலக்கரையில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சோறு போட்டவர் மீது பொறாமைப்படுவது எளிதல்ல. நான் அதை விடாமல் செய்தேன்.

காரணம் அவருடைய அம்பாசடர். சீசனில் லேபிள் கட்டுகளையும், மற்ற நாட்களில் சொந்தக்காரர்களையும் அது சுமந்தது. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த வண்டிதான். ஓய்வு பெற்ற ஆண்டில் நானும் ஏசி வைத்த புதுச் சின்னக் கார் வாங்கினேன். குறைந்த பெட்ரோல், சத்தமில்லாத ஓட்டம். இரண்டு வண்டிகளின் பதிவுச் சான்றிதழிலும் இருக்கை ஐந்துதான். அவர் வண்டியின் ஐந்தில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். என் வண்டியில் நானும் என் மனைவியும்.

என் மகள் திருமணத்தில் மாப்பிள்ளையை என் வண்டியில்தான் அழைப்பது என்று பிடிவாதமாக நின்றேன். மாப்பிள்ளை ஆறடி. தலைப்பாகை கூரையில் இடித்தது, மாலை கதவில் சிக்கியது. சம்பந்தி வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் அருகில் வந்தார்.

"ஏலே தம்பி, மாப்பிள்ளைய அங்கன ஏத்து. எனக்கு ஒன் வண்டில ஏசிக் காத்து வாங்கணும்."

அந்தப் பெரிய உடம்பை மடக்கி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஊர்வலம் நகர்ந்தது. முன்னால் அம்பாசடரில் மாப்பிள்ளை ராஜா மாதிரி போனார். ஆனால் கடைத்தெரு முழுக்க ஆட்கள் அவரைத் தாண்டி வந்து என் வண்டியின் கண்ணாடியைத் தட்டினார்கள். "அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என்னை, மணப்பெண்ணின் தகப்பனை, ஒருவரும் விசாரிக்கவில்லை. இத்தனை வருடமும் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது தவறு என்று அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு நேராக அவரைப் பார்த்தே பொறாமைப்பட்டேன்.

கடைசி மாதங்களில் டயாலிசிஸுக்கு மதுரை போக என் வண்டிதான் அவருக்கு வசதி. ஒருநாள் திரும்பி வரும்போது, கண்ணை மூடியபடியே சொன்னார்: "அம்பாசடர நீ வச்சுக்க. ஒனக்கு அது மேல ஒரு கண்ணுன்னு எனக்குத் தெரியும்லே."

மறு வாரம் அவர் போய்விட்டார்.

வண்டியை என் பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்று மனமுவந்து கையெழுத்திட்ட மதினிக்கும் பிள்ளைகளுக்கும், மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த உறவினர்களுக்கும், கடைசி நாளில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த அச்சகத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு மலருக்காக இதுவரை எழுதிய இந்தக் கட்டுரையை அச்சிடக் கொடுக்க அண்ணனின் அச்சகத்துக்கு அம்பாசடரில்தான் போனேன். சத்தம் கேட்டு, "அண்ணாச்சி வண்டி" என்று உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் இறங்கியதும் யாரும் உடனே உட்காரவில்லை. என் பின்னால் இன்னொருவர் இறங்குவார் என்பது போலக் கதவையே பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

வண்டி இனி என் பெயரில் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது அன்றைய தேதியில்தான்.